அறிதிறன் குறைபாடுடையோருக்கான நகர்பேசி அணுக்கம்

அறிதிறன் குறைபாடுடையோருக்கான நகர்பேசி அணுக்கம் என்பது நினைவாற்றல், கவனம், மொழியைப் புரிந்துகொள்ளல், எண்ணுதல், திட்டமிடல் முதலிய திறன்களில் இடர்ப்பாடு உடையவர்கள் நகர்பேசியைத் தாமாகவே பயன்படுத்தும் வகையில் கருவியையும், மென்பொருளையும், அவற்றினூடாக வழங்கப்படும் சேவைகளையும் அமைத்தல் ஆகும். பார்வையற்றோருக்குத் திரைபடிப்பான் போன்று இங்கு ஒரே ஒரு துணைக்கருவி போதுமானதாக இருப்பதில்லை. ஒருவருக்கு எழுத்து தடையாகலாம். மற்றொருவருக்கு ஒலி தடையாகலாம். இன்னொருவருக்கு நேற்று இருந்த பொத்தான் இன்று இடம் மாறியிருப்பதே தடையாகலாம். ஆகவே இத்துறையில் பயனர் நினைவில் வைத்திருக்க வேண்டியவற்றைக் குறைத்தலும், தவறு நேர்ந்தால் எளிதாகத் திரும்பி வர வழி செய்தலும் முதன்மையாகக் கருதப்படுகின்றன.

இக்கட்டுரை இத்துறையின் அடிப்படைகளையும், தமிழ்நாட்டில் நடைபெற்ற முயற்சிகளையும், மரக்காணம் உப்பளக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நடைமுறைத் தேவைகளையும் விளக்குகின்றது.

யாருக்குத் தேவைப்படுகின்றது

அறிதிறன் குறைபாடு என்பது ஒரு தனி நோயின் பெயர் அன்று. பின்வருவன உட்படப் பல நிலைகள் இதனுள் அடங்கும்.

- பிறவியிலிருந்தோ இளமையிலிருந்தோ காணப்படுபவை: அறிவுசார் குறைபாடு, டவுன் கூட்டறிகுறி, மதியிறுக்கம் (ஓட்டிசம்), கற்றல் குறைபாடு, கவனக் குறைபாடு.
- பின்னர் ஏற்படுபவை: தலையில் அடிபடுவதால் உண்டாகும் மூளைக் காயம், பக்கவாதத்தின் பின் வரும் பேச்சிழப்பு, முதுமை மறதிநோய்.

2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மனவளர்ச்சி குன்றியோர் என்று அக்காலத்திய சொல்லால் பதிவு செய்யப்பட்டனர். மறதிநோய் உடைய முதியோர் இவ்வெண்ணிக்கையில் தனியே இடம்பெறவில்லை. 2023 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதிற்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என மதிப்பிட்டது. எனவே இது மிகச் சிலரின் தேவை மட்டுமன்று.

ஏற்படும் இடர்ப்பாடுகள்

நகர்பேசியில் ஒரு செயலைச் செய்யும்போது பயனரின் மனம் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கின்றது. ஓர் எடுத்துக்காட்டாக, ஒருமுறைக் கடவுஎண் (ஓ.டி.பி) கொண்டு சேவை ஒன்றினுள் நுழைவதை எடுத்துக்கொள்ளலாம். பயனர் தான் செய்துகொண்டிருந்த வேலையை நினைவில் வைத்துக்கொண்டு, வேறொரு செயலிக்குச் சென்று, பல குறுஞ்செய்திகளுள் சரியானதைக் கண்டுபிடித்து, ஆறு இலக்கங்களை வரிசை மாறாமல் மனதில் தாங்கி, பழைய திரைக்குத் திரும்பி, காலம் முடிவதற்குள் உள்ளிட வேண்டும். இதில் ஏதேனும் ஒரு படி தவறினால் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

பொதுவாகக் காணப்படும் தடைகள் பின்வருமாறு:

- நினைவுச் சுமை: கடவுச்சொல், இரகசிய எண், பல படிகள் கொண்ட பட்டிகள்.
- நிலையாமை: மென்பொருள் இற்றைப்படுத்தலின் பின் சின்னங்களின் உருவமும் இடமும் மாறுதல்.
- கவனச் சிதறல்: இடையிடையே தோன்றும் விளம்பரங்கள், அறிவிப்புகள், தானாக ஓடும் நிகழ்படங்கள்.
- மறைந்திருக்கும் செயல்கள்: நீண்ட அழுத்தம், விரலால் தள்ளுதல் போன்று திரையில் எந்த அடையாளமும் இல்லாத கட்டளைகள்.
- கால வரம்பு: குறித்த நொடிகளுக்குள் முடிக்காவிட்டால் வெளியேற்றப்படுதல்.
- புரியாத பிழைச்செய்தி: பிழை நேர்ந்ததைக் கூறி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறாதிருத்தல்.

இவற்றுள் பல எல்லாப் பயனருக்கும் தொல்லை தருவனவே. எனினும் பிறர் சலிப்புடன் கடந்துவிடும் இடத்தில் அறிதிறன் குறைபாடுடையவர் நின்றுவிட நேர்கின்றது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தபின் பலர் கருவியையே கைவிட்டு வேறொருவரிடம் கொடுத்துவிடுகின்றனர்.

வடிவமைப்புக் கோட்பாடுகள்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2021 ஏப்ரலில் அறிதிறன், கற்றல் குறைபாடு உடையோருக்கான உள்ளடக்க வடிவமைப்புப் பற்றிய ஆவணம் ஒன்றை வெளியிட்டது. பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம் 2020 இல் ஐ.எஸ்.ஓ 21801-1 என்னும் அறிதிறன் அணுக்கத் தரத்தை வெளியிட்டது. 2023 அக்டோபரில் வெளியான இணைய உள்ளடக்க அணுக்க வழிகாட்டியின் 2.2 ஆம் பதிப்பு, இத்துறைக்கு நேரடியாகப் பயன்படும் விதிகளைச் சேர்த்தது. ஒரே செயன்முறையில் ஒரே தகவலை மீண்டும் கேட்கக் கூடாது. உதவி பெறும் வழி எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரிசையில் இருத்தல் வேண்டும். நுழைவதற்கு நினைவுச் சோதனையை ஒரே வழியாக வைத்தல் ஆகாது என்பன அவை.

நகர்பேசிக்கு இக்கோட்பாடுகள் பின்வருமாறு பொருந்துகின்றன:

- ஒரு திரையில் ஒரு வேலை மட்டும் இருத்தல்.
- ஒவ்வொரு பொத்தானிலும் படமும் சொல்லும் இணைந்திருத்தல். இயன்றால் தொடும்போது அச்சொல் ஒலித்தல்.
- முகப்புக்குத் திரும்பும் பொத்தான் எப்போதும் ஒரே இடத்தில் இருத்தல்.
- பணம் அனுப்புதல், அழித்தல் போன்றவற்றிற்கு முன் தெளிவான உறுதிப்பாடும், பின்னர் மீட்கும் வழியும் இருத்தல்.
- பயனர் விரும்பாதவரை தோற்றம் மாறாதிருத்தல்.

வரலாறு

நகர்பேசியை எளிமையாக்கும் முயற்சிகள் முதலில் முதியோரை நோக்கியே தொடங்கின. 2006 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஜிட்டர்பக் நகர்பேசி பெரிய பொத்தான்களுடனும் குறைந்த வசதிகளுடனும் விற்கப்பட்டது. இத்தகைய கருவிகள் பயனுள்ளவையாயினும், வசதிகளைக் குறைப்பதையே எளிமை எனக் கருதின. படம் அனுப்புதல், முகம் பார்த்துப் பேசுதல் ஆகியவை எழுதப் படிக்க இயலாதவருக்கு எழுத்தைவிட எளிதானவை என்பது பின்னரே உணரப்பட்டது.

திறன்பேசிகள் பரவியபின் இயங்குதளங்களிலேயே இவ்வசதிகள் சேர்க்கப்பட்டன. ஆப்பிள் நிறுவனம் 2012 இல் ஐ.ஓ.எஸ் 6 உடன், பயனரை ஒரே செயலியினுள் நிலைநிறுத்தும் வழிகாட்டப்பட்ட அணுகல் வசதியைத் தந்தது. ஆண்ட்ராய்டின் 5.0 பதிப்பில் (2014) இதையொத்த திரை நிலைப்பு வசதி இடம்பெற்றது. 2023 இல் ஐ.ஓ.எஸ் 17 உடன் வெளிவந்த துணை அணுகல் வசதி, அறிதிறன் குறைபாடுடையோரை முதன்மைப் பயனராகக் கொண்டு உருவாக்கப்பட்டது. இதில் அழைப்பு, செய்தி, ஒளிப்படம், இசை போன்றவை பெரிய கட்டங்களாகத் தோன்றும். செய்தியை எழுத்தாக மட்டுமன்றி, உணர்ச்சிக் குறிகளாகவோ நிகழ்படமாகவோ அனுப்பலாம்.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1985 இல் தொடங்கப்பட்ட வித்யா சாகர் நிறுவனம், பெருமூளை வாதம் உடைய குழந்தைகளுக்குப் படப்பலகைகள் மூலம் தொடர்பாடல் கற்பித்து வந்தது. இந்நிறுவனத்துடன் இணைந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியியலாளர் அஜித் நாராயணன் ஆவாஸ் என்னும் பேச்சுத் துணைக்கருவியை உருவாக்கினார். பயனர் படங்களைத் தெரிவு செய்ய, கருவி அவற்றைப் பேச்சாக ஒலிக்கும். இம்முயற்சிக்கு 2010 ஆம் ஆண்டிற்கான மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுத் தேசிய விருது கிடைத்தது. தொடக்கத்தில் தனிக்கருவியாக இருந்த ஆவாஸ், பின்னர் தொடுதிரைக் கணினிகளில் இயங்கும் செயலியாக மாற்றப்பட்டு, மதியிறுக்கம் உடைய குழந்தைகளிடையே பரவியது.

தனிக்கருவி செயலியாக மாறியதன் பயன் விலைக்குறைவு மட்டுமன்று. சிறப்புக் கருவியை ஏந்திச் செல்பவர் பிறர் பார்வையில் தனித்துத் தெரிகின்றார். எல்லோரும் வைத்திருக்கும் கருவியையே அவரும் வைத்திருப்பின் அவ்வேறுபாடு மறைகின்றது.

பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 இல் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முட்டுக்காட்டில் நிறுவப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையோருக்கான மறுவாழ்வு, சிறப்புக் கல்வி, ஆசிரியர் பயிற்சி ஆகியவை இங்கு நடைபெறுகின்றன. இதே சாலை தெற்கு நோக்கி மாமல்லபுரத்தைக் கடந்து மரக்காணம் வழியாகப் புதுச்சேரியை அடைகின்றது.

தமிழ் மொழி சார்ந்த சிக்கல்கள்

படங்களை வரிசையாக அடுக்கி வாக்கியம் அமைக்கும் முறை ஆங்கிலத்திற்கு ஓரளவு பொருந்துகின்றது. தமிழில் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று மாறுவதால், அம்மா, கடை, போ என்னும் மூன்று படங்களை அடுக்கினால் மட்டும் "அம்மா கடைக்குப் போகிறாள்" என்னும் வாக்கியம் அமைவதில்லை. அஜித் நாராயணன் 2013 இல் விளக்கிய ஃபிரீஸ்பீச் என்னும் முறை, சொல்வரிசைக்குப் பதிலாக யார், எங்கே, எப்போது போன்ற வினாக்களால் படங்களை இணைத்தது. இவ்வாறு உறவுகள் குறிக்கப்பட்டால், மொழிக்கேற்ற வாக்கியத்தைக் கணினி அமைக்க இயலும்.

இரண்டாவது சிக்கல் எழுத்து வழக்கிற்கும் பேச்சு வழக்கிற்கும் இடையிலான தொலைவு ஆகும். "அங்கீகாரம் தோல்வியுற்றது" என்னும் பிழைச்செய்தி தமிழில் இருப்பினும், எளிய தமிழில் இல்லை. "எண் தவறு. மீண்டும் எழுதுங்கள்" என்பது அதே செய்தியைக் கூறுவதோடு அடுத்த செயலையும் கூறுகின்றது. மொழிபெயர்ப்பு வேறு, எளிமையாக்கம் வேறு என்பதைத் தமிழாக்கம் செய்யும் தன்னார்வலர்கள் கருத்திற் கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, தட்டச்சு. தமிழ் விசைப்பலகையில் ஓர் உயிர்மெய் எழுத்தைப் பெறப் பெரும்பாலும் இரண்டு விசைகளை அழுத்த வேண்டும். குரல்வழி உள்ளீடு இதற்கு மாற்றாகலாம். ஆயினும் தெளிவற்ற உச்சரிப்பையும் வட்டார வழக்கையும் அது பலமுறை தவறாகப் புரிந்துகொள்கின்றது. எனவே பதிவு செய்த குரலை அப்படியே அனுப்பும் வசதியே பலருக்கு எளிதாகின்றது.

மரக்காணம் கடற்கரை: ஓர் எடுத்துக்காட்டு

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த கடற்கரை ஊர் ஆகும். தமிழ்நாட்டின் முக்கிய உப்பு உற்பத்தி இடங்களுள் இதுவும் ஒன்று. பாத்திகள் பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் சீரமைக்கப்பட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரை உப்பு வாரப்படுகின்றது. மழைக் காலத்தில் வேலை நின்றுவிடுகின்றது. இத்தகைய ஊரில் நகர்பேசி எந்தச் சூழலில் பயன்படுகின்றது என்பதைக் கருதாமல் செய்யப்படும் வடிவமைப்பு பயன் தராது.

ஒளியும் ஈரமும்: வெண்ணிற உப்பின் மீது படும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். சாம்பல் நிறப் பின்னணியில் மெல்லிய எழுத்து கொண்ட திரை அங்கு வெற்றுக் கண்ணாடியாகவே தெரியும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆதலால் ஈரமான விரலும் திரையில் படிந்த நீர்த்துளியும் தொடுதிரையைத் தவறாக இயங்கச் செய்கின்றன. அறிதிறன் குறைபாடுடைய தொழிலாளி ஒருவருக்குத் தவறு தன்னுடையதா கருவியுடையதா என்று பிரித்தறிதல் கடினம். அவர் தன்னையே குறை கூறிக்கொள்வார். இவ்விடத்தில் உண்மையான விசைகள் உடைய எளிய நகர்பேசி, விலையுயர்ந்த திறன்பேசியினும் சிறந்ததாகலாம்.

தனிமை: பெற்றோர் விடியும் முன்னரே உப்பளத்திற்குச் சென்றுவிடும் வீட்டில், அறிவுசார் குறைபாடுடைய வளர்ந்த மகனோ மகளோ பகலில் தனித்திருக்க நேரலாம். அவருக்கு வேண்டிய முதன்மையான வசதி, தாயின் படத்தைத் தொட்டவுடன் அழைப்பு செல்லுதல் ஆகும். 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி, இந்தியாவில் விற்கப்படும் எளிய நகர்பேசிகளில் 5 அல்லது 9 எண் விசையை நீண்ட நேரம் அழுத்துவதாலும், திறன்பேசிகளில் மின்விசையை விரைவாக மூன்று முறை அழுத்துவதாலும் 112 அவசர எண்ணை அழைக்கும் வசதி இருத்தல் வேண்டும். கருவிக்குக் கருவி முறை மாறக்கூடும் என்பதால், கைவசமுள்ள நகர்பேசியில் இது எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அமைப்புப் பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

புயல் எச்சரிக்கை: இக்கடற்கரை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையாலும், 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலாலும் பாதிக்கப்பட்டது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல், மரக்காணம் பகுதி உட்பட விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழையைக் கொண்டுவந்தது. ஒரு பகுதியிலுள்ள எல்லா நகர்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் செல் ஒலிபரப்பு முறை 2023 இல் இந்தியாவில் சோதிக்கப்பட்டது. அவ்வெச்சரிக்கை பெரும் ஒலியுடனும் அதிர்வுடனும் வருகின்றது. ஒலிக்கு அஞ்சும் மதியிறுக்கம் உடையவர் செய்தியைக் கேளாமல் நகர்பேசியை எறிந்துவிட்டு ஓடக்கூடும். மேலும் ஆரஞ்சு எச்சரிக்கை, மூன்றாம் எண் கூண்டு போன்ற குறியீடுகள் மனதில் மொழிபெயர்க்க வேண்டியவை. "புயல் வருகிறது. வெளியே போகாதீர்கள். பள்ளிக்கூடத்திற்கு வாருங்கள்" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு செய்தியை மட்டும் கூறுவது பயனளிக்கும். அவ்வொலியை மழைக்காலத்திற்கு முன்னரே குறைந்த அளவில் கேட்கச் செய்து பழக்குதலும் உதவும்.

பணப் பரிமாற்றம்

தமிழ்நாடு அரசு அறிவுசார் குறைபாடுடையோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகின்றது. இத்தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகின்றது. பணம் வந்ததை அறிவதும் அதைச் செலவிடுவதும் நகர்பேசியைச் சார்ந்து வருவதால், நகர்பேசியைப் பயன்படுத்த இயலாதவர் தன் பணத்தையே பார்க்க இயலாதவர் ஆகின்றார்.

2016 இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த பணம் செலுத்தும் இடைமுகத்தில் (யு.பி.ஐ) பின்னர் சேர்க்கப்பட்ட சில வசதிகள், அறிதிறன் குறைபாடுடையோருக்கென உருவாக்கப்படாவிட்டாலும் அவர்களுக்குப் பயன்படக்கூடியவை.

- யு.பி.ஐ 123பே (2022): இணையம் இல்லாத எளிய நகர்பேசியிலிருந்து பணம் செலுத்தும் முறை.
- யு.பி.ஐ லைட் (2022): சிறு தொகைகளை இரகசிய எண் இன்றிச் செலுத்தும் முறை. 2024 இல் ஒரு பரிமாற்றத்தின் வரம்பு ரூ. 1000 ஆகவும், பணப்பையின் வரம்பு ரூ. 5000 ஆகவும் உயர்த்தப்பட்டன. தவறு நேர்ந்தாலும் இழப்பு பணப்பையிலுள்ள தொகையைத் தாண்டாது.
- யு.பி.ஐ சர்க்கிள் (2024): ஒருவர் தம் கணக்கிலிருந்து செலவிட மற்றொருவருக்கு வரம்புடன் அனுமதி தருவது. ஒவ்வொரு செலவையும் முதல்வர் ஒப்புக்கொள்ளும் முறையும் இதில் உண்டு. ஆயினும் பணம் முதல்வரின் கணக்கிலேயே இருக்கின்றது என்பது இதன் குறை ஆகும்.

மோசடியும் ஒரு பெரிய இடர் ஆகும். அதட்டும் குரலுக்கு உடனே இணங்கும் இயல்புடையோரை மோசடியாளர்கள் எளிதில் ஏமாற்றுகின்றனர். "எண்ணைக் கேட்டால் அழைப்பை வெட்டு" என்பது போன்ற ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் பழக்குதல், நீண்ட அறிவுரைகளைவிடப் பயன் தரும். பணம் இழந்தால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் விரைவாக முறையிடலாம்.

சட்டமும் தரங்களும்

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை 2006 இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 இல் அதனை ஏற்புறுதி செய்தது. இதன் 9 ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைக் குறிப்பிடுகின்றது. இதற்கிணங்க இயற்றப்பட்ட இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது. அறிவுசார் குறைபாடு, மதியிறுக்கம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை அதில் அடங்கும். சட்டத்தின் 42 ஆம் பிரிவு, அன்றாடப் பயன்பாட்டு மின்னணுப் பொருட்கள் அனைவருக்குமான வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ் 17802 தரம் (2021, 2022) தகவல் தொழில்நுட்பப் பொருட்களின் அணுக்கத்திற்கான தேவைகளை வரையறுக்கின்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகுதல் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை தரும் வாழ்வுரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடுடையோரும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் எதிர்கொண்ட தடைகளைப் பற்றியது. ஆயினும் அதன் அடிப்படை அறிதிறன் குறைபாடுடையோருக்கும் பொருந்தக்கூடியது.

தன்னுரிமையும் உதவியாளரும்

உதவியாளர் இன்றி நகர்பேசியை அமைத்தல் பலருக்கு இயலாது. ஆனால் உதவிக்கும் கட்டுப்பாட்டிற்கும் இடையிலான எல்லை மெல்லியது. கருவியை அமைத்துத் தருபவரே கடவுச்சொல்லையும், செய்திகளையும், இருப்பிடத்தையும், பணத்தையும் தம் வசம் வைத்துக்கொள்ள இயலும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, பண விவகாரத்தில் உதவியாளருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் நலன்கள் முரண்பட்டால் உதவியாளர் அவ்விவகாரத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கின்றது. உதவியாளர் தகாத செல்வாக்கைச் செலுத்தாமல் அவருடைய தன்னுரிமை, கண்ணியம், அந்தரங்கம் ஆகியவற்றை மதிக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது.

இதனை நடைமுறையில் பின்பற்றச் சில வழிகள் உள்ளன:

- முகப்பில் எந்தப் படங்கள் இருக்க வேண்டும் என்பதைப் பயனரே தெரிவு செய்தல்.
- முதல் வாரம் ஒரு செயலை மட்டும், பெரும்பாலும் அழைப்பதை மட்டும், பழக்குதல்; அது நிலைத்தபின் அடுத்ததைச் சேர்த்தல்.
- தேவையற்ற அறிவிப்புகளை நிறுத்துதல். தோற்றத்தை மாற்றும் இற்றைப்படுத்தலை உதவியாளர் உடனிருக்கும் நாளில் செய்தல்.
- இருப்பிடப் பகிர்வு போன்ற கண்காணிப்பு வசதிகளை அவருக்குச் சொல்லி, அவர் ஒப்புதலுடன் மட்டும் இயக்குதல்.
- செய்திகளைப் படித்துக் காட்டும் உதவி, அவர் கேட்கும்போது மட்டும் தரப்படுதல்.

ஒரு நகர்பேசி அறிதிறன் குறைபாடுடையவருக்கு ஏற்றதாக உள்ளதா என்பதை அதிலுள்ள வசதிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்க இயலாது. அமைத்துத் தந்தவர் அருகில் இல்லாத வேளையில், அவர் தாம் பேச விரும்பியவரை அழைக்கவும், தமக்கு வந்த பணத்தை அறியவும், ஆபத்தில் உதவி கேட்கவும் முடிகின்றதா என்பதே அதன் அளவுகோல் ஆகும்.